கடைசியாக நடந்தவர்

அன்பு நண்பா,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு இப்போது கைப்பிடியைப் பிடிக்காமல் படி ஏறுகிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. வலி குறைந்தவுடன் பயிற்சியை விட்டுவிடாதே. பாதிப் பேர் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

அண்ணனின் அடக்கத்துக்கு வர முடியவில்லையே என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறாய். அதை இனி எழுதாதே. அறுவை முடிந்து ஆறாவது நாள் நீ எப்படி வந்திருக்க முடியும்? அன்று ராத்திரி அண்ணியோடு போனில் பேசும்போது ஆறுதல் ஒன்றும் சொல்லாமல் நீயும் கூடவே அழுதாயாம். அண்ணிக்கு அதுதான் ஆறுதலாக இருந்ததாம். இன்றைக்கும் சொல்கிறார்.

கடைசி மாதங்களைப் பற்றி மறைக்காமல் எழுதச் சொன்னாய். எழுதுகிறேன்.

வறட்டு இருமலில்தான் ஆரம்பித்தது. ஒவ்வாமை என்று சொல்லி ஒரு வருஷத்துக்கு மேல் மருந்து கொடுத்தார்கள். மேட்டில் மூச்சு வாங்குவதை வயசு என்று அவரும் தள்ளிவிட்டார். பிறகு வேறொரு மருத்துவர் முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டவர், கையோடு சி.டி. ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் நுரையீரலின் அடிப்பகுதியில் வெல்க்ரோ பட்டையைப் பிரிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்கிறதாம். நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகிற நோய். மருந்து அதன் வேகத்தைக் குறைக்கும்; ஏறிய தழும்பை அழிக்காது. வீணாய்ப் போன அந்த ஒரு வருஷத்தை நினைத்து நான் கொதித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் ஒரு நாள்கூட அதைப் பற்றிப் பேசவில்லை. மனதுக்குள் என்ன நினைத்தாரோ, எனக்குத் தெரியாது.

இந்த நோய்க்கு ஆறு நிமிட நடைப் பரிசோதனை என்று ஒன்று வைக்கிறார்கள். முப்பது மீட்டர் நீளமான தாழ்வாரம். ஆறு நிமிஷத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறோம், ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பார்கள். நாள் முழுக்க மலை ஏறிய மனிதர், விரலில் கருவியை மாட்டிக்கொண்டு, தாழ்வாரத்தின் இரண்டு முனைக்கும் நடுவே நடந்தார். என்னால் பார்க்க முடியவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்போது அவர் பரிசோதனை செய்த பெண்ணிடம், "நீங்க ஏம்மா பின்னாலேயே வர்றீங்க, பக்கத்துல வரலாமே?" என்று கேட்டார். "பக்கத்தில் வந்தால் என் வேகத்துக்கு நீங்கள் நடக்க ஆரம்பித்துவிடுவீர்கள் சார். உங்கள் வேகம்தான் எங்களுக்கு வேண்டும்" என்றது அந்தப் பெண். அண்ணன் முகத்தில் வந்த சந்தோஷத்தை நீ பார்த்திருக்க வேண்டும். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே பேசினார். எத்தனை மீட்டர் நடந்தோம் என்பதைக் கேட்கவே மறந்துவிட்டார்.

ஏன் அவ்வளவு சந்தோஷம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை நடைப்பயணம் போனோம், ஒரே ஒரு நாளைத் தவிர அவர் முன்னால் நடந்ததுண்டா? நம் எல்லாரையும்விடக் கால் பலம் உள்ளவர் அவர். ஆனால் வழி தெரிந்தவர் முதலில், அவருக்கு அடுத்து இருப்பதிலேயே மெதுவாக நடக்கிறவர், எல்லாருக்கும் கடைசியில் அண்ணன். வழி பிரிகிற இடத்தில் நிற்க வேண்டும். பின்னால் வருகிறவர் கண்ணில் பட்ட பிறகுதான் நகர வேண்டும். இந்த இரண்டு விதியிலும் அவர் விட்டுக்கொடுத்ததே இல்லை.

1892-இல் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு ஒன்று அவர் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கும்: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அறுநூறு மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். அதன் கீழே அவர் கையெழுத்தில், "பிள்ளைகள் வந்தால் இரண்டு மடங்கு. சின்னவன் கல் பொறுக்கினால் மூன்று மடங்கு" என்று எழுதியிருக்கிறது. அந்த நோட்டு இப்போது என் மேசையில்தான் இருக்கிறது. மலையின் பெயரும் தேதியும் இருக்கிற பக்கங்களிலெல்லாம் உச்சியைத் தொட்டோமா என்ற குறிப்பைத் தேடிப் பார்த்தேன். பல பக்கங்களில் இல்லவே இல்லை. யார் யார் வந்தார்கள், யாருக்குக் கால் கொப்பளித்தது, மூத்தவள் என்ன கேள்வி கேட்டாள், இவ்வளவுதான்.

காட்டைக் காரணம் காட்டி வீட்டை விட்டவர்கள் சிலரை நமக்குத் தெரியும். மலை, மலை என்று போய்க்கொண்டே இருப்பார்கள். பிள்ளை எந்த வகுப்பு என்று கேட்டால் யோசிப்பார்கள். அண்ணன் தனியாகப் போனது அபூர்வம். அண்ணிக்கு ஏற்றம் ஆகாது என்பதால் வருஷத்தில் பாதி நடை சமதரையில்தான். ஆற்றங்கரை ஓரமாக, மணிக்கு மூன்று கிலோமீட்டர்கூடத் தேறாத வேகத்தில் இரண்டு பேரும் பேசிக்கொண்டே போவார்கள். உயரம் போய்விட்டதே என்று அவர் ஏங்கி நான் பார்த்ததில்லை.

பிள்ளைகளின் பிறந்தநாள் நட்சத்திரம் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேனா? ஜாதக நட்சத்திரம் இல்லை. சிரியஸ் என்ற நட்சத்திரம் 8.6 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது, அதாவது அதன் வெளிச்சம் நம்மிடம் வந்து சேர 8.6 வருஷம் ஆகும். ஒரு பிள்ளைக்கு எட்டரை வயசு தாண்டியதும் வெளியே கூட்டிப்போய், "இப்ப உன் கண்ணுல விழுற வெளிச்சம், நீ பிறந்த சமயத்துல அங்கிருந்து கிளம்புனது" என்று காட்டுவார். பதினொன்றரை வயசில் புரோசியான். இருபத்தைந்தில் வேகா. மூத்தவளுக்கு இருபத்தைந்து ஆனபோது அவள் வெளிநாட்டில் இருந்தாள். எந்தத் திசையில், எத்தனை மணிக்குப் பார்க்க வேண்டும் என்று அவள் இருக்கும் இடத்துக்குக் கணக்குப் போட்டு எழுதி அனுப்பினார். ரோகிணி நட்சத்திரம் 65 ஒளியாண்டு. அடுத்த வருஷம் அது தன்னுடையது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அறுபத்து நான்கில் போய்விட்டார். அதை மட்டும் நினைத்தால் எனக்கு இன்னும் தாங்கவில்லை.

அவருடைய விசுவாசத்தைப் பற்றியும் கேட்டிருந்தாய், கடைசியில் அது தளர்ந்ததா என்று. தளரவில்லை. ஆனால் நீ நினைக்கிற மாதிரி பெரிய சாட்சி எதுவும் சொல்லவில்லை. ஜெபம் சுருங்கியது. மூச்சு போதாததால் ஒரு மூச்சுக்கு ஒரு பெயர். அண்ணி பெயர், பிள்ளைகள் பெயர், என் பெயர், உன் பெயர். ஆமாம், உன் பெயரும்தான். உன் முழங்காலுக்காகவே ஜெபித்தார்.

காட்டில் கடவுளைப் பார்த்துவிட்டால் போதாதா, ஞாயிறு ஆராதனை எதற்கு என்று நான் ஒருமுறை வாதாடினேன். "காட்டுல அவரைப் பார்க்கலாம்டா. ஆனா பக்கத்துல உட்கார்ந்து இருமிக்கிட்டே இருக்கிற பெரியவரை ஆலயத்துலதான் பார்க்க முடியும். அவரையும் பார்க்கணும் இல்ல?" என்றார். அங்கேயும் கடைசி பெஞ்சுதான். யார் வரவில்லை என்பது அங்கிருந்துதான் தெரியுமாம். வராதவர் வீட்டுக்கு அன்று மாலையே போய்விடுவார். 121-ஆம் சங்கீதத்தை மலைக்கான பாட்டு என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார். முதல் வசனத்தில் கண் மலையைப் பார்க்கிறது, இரண்டாம் வசனத்திலேயே உதவி மலையை உண்டாக்கினவரிடமிருந்து வருகிறது, அங்கேயே நின்றுவிடாதே என்பார்.

நீ அவரைச் சீண்டியது நினைவிருக்கிறதா? மேய்ப்பன் ஆடுகளுக்கு முன்பாக நடக்கிறான் என்று யோவான் பத்தாம் அதிகாரத்தில் இருக்கிறதே, நீங்கள் மட்டும் ஏன் பின்னால் வருகிறீர்கள் என்று கேட்டாய். அவர் அப்போது பதில் சொல்லவில்லை. மறுநாள் காலை கூடாரத்தை மடித்துக்கொண்டே ஏசாயா 52-ஆம் அதிகாரத்தின் 12-ஆம் வசனத்தைச் சொன்னார். கர்த்தர் முன்னாலும் போகிறார், பின்னால் இருந்தும் காக்கிறார் என்று வருமே, அது. "ரெண்டு இடத்துலயும் அவர் இருக்கார். பின்னால அவருக்குத் துணையா நான் போறேன், அவ்வளவுதான்" என்றார். நீ வாயடைத்துப் போனாய்.

அந்தப் பயணம்தான், நீ வழி தவறிய பயணம். இதை எழுதத்தான் இரண்டு நாளாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.

முப்பத்தொரு வருஷமாக அதை உன் கவனக்குறைவு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாய். ஓடையில் காலைக் கழுவ இறங்கினேன், நேரமாகிவிட்டது, பிரிவில் தப்பான பாதையில் போய்விட்டேன், என்னால் எல்லாரும் இருட்டில் காத்துக்கிடந்தீர்கள் என்று எத்தனையோ முறை மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். ஒவ்வொரு முறையும் நான் பேசாமல் இருந்தேன்.

அன்று கடைசியில் நடக்க வேண்டியவன் நான். காலையில் அண்ணனிடம் அடம்பிடித்து அந்த இடத்தை வாங்கினேன். அவர் முன்னால் போனார். ஓடையருகே பாறை மேல் உன் பை இருந்ததைப் பார்த்தேன். நீ கீழே இருக்கிறாய் என்று தெரியும். எனக்கு நின்று நின்று அலுத்திருந்தது. வந்துவிடுவான் என்று தாண்டிப் போனேன். பிரிவிலும் நிற்கவில்லை. முகாமில் அண்ணன் தலை எண்ணியபோதுதான் நீ இல்லை என்பது மற்றவர்களுக்குத் தெரிந்தது.

அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு திரும்பினார். நீ அவர் சொல்லிக்கொடுத்தபடியே செய்தாய். அலையாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்து விசில் ஊதினாய். நிமிஷத்துக்கு ஆறு முறை, பிறகு ஒரு நிமிஷம் நிறுத்தி, மறுபடி ஆறு. அவர் மூன்று ஊதிப் பதில் கொடுத்தார். அது எனக்கு முகாமில் கேட்டது. அப்போது நான் எப்படி அழுதேன் என்று உனக்குத் தெரியாது. உன்னைக் கூட்டி வந்தவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுநாள் ஆற்றங்கரையில் தண்ணீர் பிடிக்கும்போது மட்டும் சொன்னார்: "கடைசியா நடக்கிறவனுக்குப் பின்னால ஆள் கிடையாதுடா. அவன் பார்க்கலைன்னா வேற யாரும் பார்க்க மாட்டாங்க." அதோடு சரி. யாரிடமும் அவர் சொல்லவில்லை. அண்ணிக்கே தெரியாது.

சாவதற்குப் பத்து நாள் முன்பு, ஆக்ஸிஜன் இயந்திரத்தின் இரைச்சலுக்கு நடுவே, நானே கேட்டேன்: "அவன்கிட்ட ஏன் அண்ணா சொல்லல?" கண்ணை மூடி ரொம்ப நேரம் இருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். பிறகு, "அது நீ சொல்ல வேண்டியதுடா" என்றார்.

சொல்லிவிட்டேன். மன்னித்துவிடு. இதைப் படித்து உனக்குக் கோபம் வந்தால் அது நியாயமான கோபம்தான். பதில் எழுத நாளானாலும் காத்திருக்கிறேன்.

மற்ற செய்தி: அண்ணி பரவாயில்லை. பகலில் சமாளிக்கிறார், சாயங்காலம்தான் கஷ்டம். அதனால் மூத்தவள் அந்த நேரத்தில் தினமும் ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போகிறாள். சின்னவன் இன்னும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் போன மாதம் அவனாகவே வந்து, நாம் போன அந்தப் பழைய பாதைக்குக் கூட்டிப்போகச் சொன்னான். பிள்ளைகள் எல்லாரும் வருகிறார்கள். உன் முழங்கால் ஒத்துக்கொண்டால் நீயும் வா. உனக்காகத் தேதியைத் தள்ளி வைக்கலாம், இதில் யாருக்கும் அவசரமில்லை. வந்தால் உன் இடம் முதல் ஆளுக்கு அடுத்தது. கடைசி இடத்தை நான் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

கூட ஒரு சின்னப் பொட்டலம் வைத்திருக்கிறேன். அவருடைய ஆரஞ்சு நிற விசில். கயிறு நைந்திருந்தது, மாற்றவில்லை. உன்னிடம் சேர்க்கச் சொல்லி அவரே எடுத்து வைத்திருந்தார்.

அன்புடன்,
உன் நண்பன்