ஹம்மிங் பறவைக்குச் சாயத் தண்ணீர் வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஈக்வடாரின் மிண்டோ மேகக்காட்டில் ஹம்மிங் பறவை என் கண்ணில் படுவதற்கு முன்பே அதன் சிறகோசைதான் காதில் விழுந்தது. திரும்பினால் ஒரு முழத் தூரத்தில், அந்தரத்தில் நின்றபடியே பூவுக்குள் அலகை விட்டுக்கொண்டிருந்தது, அப்புறம் சட்டென்று பின்பக்கமாகவே பறந்து போய்விட்டது. மூச்சுவிட மறந்துபோனேன். அமெரிக்கக் கண்டங்களைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வாழாத இவற்றில் ஓர் இனம், சிலி நாட்டின் ஹுவான் ஃபெர்னாண்டஸ் தீவுகளில் பூனைக்கும் எலிக்கும் இரையாகி அழிவின் விளிம்பில் இருக்கிறது. பார்க்கப் போகிறவர்கள் தயவுசெய்து கூட்டை நெருங்காதீர்கள். சர்க்கரைத் தண்ணீர் வைப்பதென்றால், சரி, 1 பங்கு வெள்ளைச் சர்க்கரைக்கு 4 பங்கு தண்ணீர் போதும், சிவப்புச் சாயம் எதற்கு? கலத்தையும் அடிக்கடி கழுவுங்கள், புளித்த தண்ணீரில் பூஞ்சை பிடித்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்