விசிலுக்கு உட்காரும் நாய்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோத்தகிரி, குன்னூர் பக்கம் வீட்டு நாய்களை இரவு பகல் பார்க்காமல் கட்டியே போட வேண்டும் என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். இரவைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி. சிறுத்தை வாசல்வரை வருகிற ஊரில் நாயை வெளியே படுக்கவிடக் கூடாது. பகல் முழுக்கச் சங்கிலி என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. கட்டியே வளர்த்த நாய் ஒருநாள் அறுத்துக்கொண்டு ஓடினால் யார் கூப்பிட்டும் நிற்காது.

என் அப்பா எஸ்டேட் பங்களாவில் நாய்களைப் பார்த்துக்கொண்டவர். காட்டுக்கோழி சுடப் போகும் துரையோடு லாப்ரடாரும் ஸ்பானியலும் போகும். 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு அந்தக் காலம் முடிந்தது, நல்லதுதான். ஆனால் நாயைப் பழக்கும் வித்தையும் சேர்ந்து மறைந்துவிட்டது.

வேட்டை நாய் என்றாலே துரத்துகிற நாய் என்று நினைக்கிறார்கள். ஊட்டி வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் குதிரைகளோடு நரி விரட்டிய ஹவுண்டு நாய்களுக்கு அது பொருந்தும். துப்பாக்கியோடு போகிற நாய்க்கு முதல் பாடமே சும்மா இருப்பதுதான். கண்ணெதிரே பறவை எழும்பினாலும், வெடிச் சத்தம் கேட்டாலும், சொல்லும்வரை அசையக் கூடாது.

குட்டிக்கு இரண்டு மூன்று மாதம் ஆனதுமே அப்பா ஆரம்பித்துவிடுவார். சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். அது உட்கார்ந்தால்தான் தட்டு தரைக்கு வரும். ஒரே நீள விசில் என்றால் இருந்த இடத்தில் உட்கார வேண்டும். விட்டுவிட்டுச் சின்னச் சின்னதாக ஊதினால் திரும்பி வர வேண்டும். நம்பிக்கை வரும்வரை கழுத்தில் நீளக் கயிறு இருக்கும். பால்பல் விழுந்து புதுப்பல் முளைத்த பிறகுதான், சுட்டு விழுந்த பறவையை எடுத்துவரும் வேலை. அதற்குச் சாக்குத் துணியில் மரத்தூள் அடைத்துத் தைத்த உருளை. துணியைக் கவ்வக் கொடுத்து இழுத்து விளையாட எங்களை விடமாட்டார். வாய் முரடாகி, பறவையை நசுக்கிவிடுமாம். உருளையை எறிந்ததும் நாயை உட்கார வைத்துவிட்டு, பாதிக்கு மேல் அவரே போய் எடுத்துவருவார். “விழுறதெல்லாம் உனக்கில்லடா” என்பார்.

வெடிச் சத்தத்துக்கும் அவசரப்படமாட்டார். குட்டி சாப்பிடும்போது தூரத்தில் தகரத்தைத் தட்டுவார், நாள் போகப்போகக் கிட்டே வருவார். துப்பாக்கி அதற்கெல்லாம் பிறகு, அதுவும் எதிர்ச்சரிவில். தீபாவளிக்கு நாயைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறவர்கள் இதைக் கவனிக்கலாம். இன்னொன்று, ஓடிப்போய்த் திரும்பி வந்த நாயை அடிக்கவே கூடாது. வந்ததற்குத்தான் அடி என்று அது புரிந்துகொள்ளும். அடுத்த முறை வராது.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் காட்டுமாடு. தேயிலைக்குள் மேய்கிற காட்டுமாடு ஆளைக் கண்டால் பெரும்பாலும் தலையைத் தூக்கிப் பார்க்கும், பிறகு தன் வேலையைப் பார்க்கும். நாய் குரைத்துக்கொண்டு மேலே பாய்ந்தால்தான் வினை. துரத்தப்பட்ட நாய் எஜமானைத் தேடித்தான் ஓடிவரும். பின்னாலேயே மாடும் கொழுந்து பறிக்கும் பெண்கள் நடுவே வந்து நிற்கும். கரடியானாலும் இதே கதைதான். அந்த நேரத்தில் ஒரு நீள விசிலுக்கு உட்காரும் நாயாக இருந்தால் யாருக்கும் ஆபத்தில்லை. முயலையும் கடமானையும் விரட்டுவதை விளையாட்டென்று ரசிப்பவர்களுக்கு ஒன்று: சட்டம் வேட்டை என்று சொல்வதில் விரட்டுவதும் அடங்கும். காட்டுக்குள் சுற்றும் நாயிடமிருந்து வெறிநோயும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயும் செந்நாய்களுக்குத் தொற்றும் என்பது வேறு.

இதற்கு லாப்ரடார்தான் வேண்டும் என்பதில்லை, நாட்டுநாய்க்கும் நன்றாக வரும். ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்றவை ஓடுவதைக் கண்டால் பறக்கும் ஜாதி. பெருமைக்காக அவற்றை மலைக்குக் கொண்டுவருகிறவர்கள் நீளக் கயிற்றை லேசில் கழற்றக் கூடாது.

வெறிநோய்த் தடுப்பூசி முகாமுக்கு ஜனங்கள் நாயைப் பிடித்துக்கொண்டு வரத்தான் செய்கிறார்கள். கால்நடை பராமரிப்புத் துறையினர் அங்கேயே அரை மணி நேரம் ஒதுக்கி, உட்காரவும் திரும்பி வரவும் பழக்குவது எப்படி என்று செய்து காட்டலாம். கோத்தகிரி வட்டாரத்தில் எந்த முகாமுக்குக் கூப்பிட்டாலும் என் நாயோடு வரத் தயார். கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எஸ்டேட் ஃபீல்டு ஆபீசர்,
கோத்தகிரி.