நான்கு மில்லிமீட்டர்

மதுரை,
ஞாயிறு இரவு

அன்புள்ள கோமு,

ஐந்து மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை. அம்மாவின் கண் அறுவை சிகிச்சை, வீடு மாற்றம் எல்லாம் நேரில் சொல்கிறேன். நீயும் திட்டுவதை நேரிலேயே திட்டிக்கொள். அம்மா இப்போது கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்கிறார். நீ அனுப்பிய நேந்திரம் சிப்ஸ் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. சங்கரி மறுபடியும் வேலையை விட்டுவிட்டாளாம். அவளிடம் நீதான் பேச வேண்டும், என் பேச்சை அவள் என்றைக்குக் கேட்டாள்?

இன்று எழுத உட்கார்ந்தது ஒரு சிறுமிக்காக. வயது பன்னிரண்டு. நான்கு வயதில் இடது முழங்கால் வீங்கி, மூட்டுவாதம் என்று தெரிந்து, மூட்டு அழற்சியை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் மருந்தை வாராவாரம் சாப்பிட்டவள். முழங்கால் குணமாகி, மருந்தும் நின்று, இப்போது பள்ளியில் கோகோ ஆடுகிறாள். பல்லுக்குக் கிளிப் போட வேண்டும் என்று கூட்டி வந்தார்கள். வாயைத் திறக்கச் சொன்னேன். பாதி திறப்பதற்குள் மோவாய் இடது பக்கம் நழுவியது. வலிக்கிறதா என்றால் இல்லை என்று தலையாட்டுகிறாள். கூட வந்த பாட்டிதான், பேத்தியின் செல்லத்தைச் சொல்வதுபோல, "முறுக்கைக் காபியில் ஊறவைத்துத்தான் தின்பாள், சீடையைத் தொடவே மாட்டாள்" என்றார். எத்தனை நாளாக என்று கேட்டேன். மூன்று தீபாவளியாக என்றார். முழங்காலில் வந்த நோய் தாடை மூட்டுக்கும் வந்திருக்குமோ என்று எனக்கு வயிற்றைப் பிசைந்தது, கோமு.

வேறோர் இடத்தில் எடுத்த ஓ.பி.ஜி., அதாவது தாடை முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்ரே, அவர்கள் கையில் இருந்தது. ஹாபெட்ஸ் என்ற ஆய்வாளர் 1988-இல் சொன்ன கணக்கை அதில் போட்டுப் பார்த்தேன். கீழ்த்தாடையின் இரண்டு பக்க உயரங்களின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். மூன்று சதவீதத்தைத் தாண்டினால் கோணல். எட்டு வந்தது. ஆனால் படம் எடுக்கும்போது குழந்தையின் தலை திரும்பியிருக்கிறது. ஒரு பக்கப் பற்கள் அகன்றும் மறுபக்கம் ஒடுங்கியும் விழுந்திருந்தன. அந்த எட்டில் எவ்வளவு நோய், எவ்வளவு தலைத்திருப்பம் என்று எப்படிப் பிரிப்பது?

அதனால் எலும்பை முப்பரிமாணத்தில் காட்டும் கோன் பீம் சி.டி. எடுத்தோம். மண்டையோட்டைத் திரையில் திருப்பி நிமிர்த்தி நடுக்கோட்டை நிறுத்திவிட்டு, காதுக்கு முன்னால் இருக்கும் காண்டைல் குமிழின் உச்சியிலிருந்து தாடையின் மூலைவரை அளந்தேன். வலது 49 மி.மீ., இடது 45. ஒரு வாரம் கழித்து, பழைய எண்களைப் பார்க்காமல் மறுபடியும் புள்ளிகளை வைத்தேன். அரை மில்லிமீட்டருக்கு மேல் மாறவில்லை. அதே கணக்கில் நான்கு சதவீதத்துக்குச் சற்று மேல். எட்டு பொய், கோணல் மெய்.

நெருப்பு இன்னும் எரிகிறதா, பழைய சாம்பலா என்பதை எலும்பின் அளவு சொல்லாது. அழற்சியைப் படத்தில் எடுத்துக்காட்டும் காடோலினியம் மருந்தைச் செலுத்தி எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகுதான் தெரிந்தது: இடது தாடை மூட்டின் சவ்வு இன்றும் அழன்றுகொண்டிருக்கிறது. முழங்கால் ஓடியாடிக்கொண்டிருந்த காலமெல்லாம் இது சத்தமில்லாமல் நடந்திருக்கிறது.

இனி உன்னிடம் சண்டைக்கு வருகிறேன். முழங்காலில் மூட்டுவாதம் வந்த குழந்தையின் கால் நீளத்தை நீ டேப் வைத்து அளக்காமல் விடமாட்டாய். அழற்சியில் ரத்த ஓட்டம் கூடி, அந்தக் கால் நீண்டுவிடும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே நீதான். தாடையில் அதே நோய் நேர்மாறாக வேலை செய்கிறது. முழங்காலில் வளர்ச்சித் தட்டு மூட்டுக்கு அப்பால் எலும்புக்குள் இருக்கிறது. கீழ்த்தாடையிலோ வளரும் குருத்தெலும்பு காண்டைலின் தலையிலேயே, ஒரு மெல்லிய நார்ப்படலத்துக்கு அடியில் கிடக்கிறது. அழற்சி நேரே அதன் மேல்தான் விழுகிறது. அந்தப் பக்கம் வளராமல் நின்றுவிட, மோவாய் அந்தப் பக்கமே சாய்கிறது. காலை அளக்கும் நீ, எத்தனை குழந்தைகளுக்குத் தாடையைப் பார்த்திருக்கிறாய்?

இன்னொன்று. இரண்டு பக்கமும் சமமாகக் கெட்டுப்போனால் என் கணக்கில் பூஜ்யம்தான் வரும். மோவாய் நேராகத்தான் இருக்கும், ஆனால் பின்னுக்குப் போய்விடும். ஆகவே பக்கவாட்டிலிருந்தும் பார். வாயைத் திறக்கச் சொல், குழந்தையின் சொந்த விரல் மூன்று உள்ளே போகிறதா என்று பார், நேராகத் திறக்கிறதா என்று பார். எது கடிக்க முடியவில்லை என்று கேள். வலிக்கிறதா என்று மட்டும் கேட்டு விட்டுவிடாதே. இரண்டு நிமிடம் போதும்.

அவளுக்கு மெத்தோட்ரெக்சேட் மறுபடியும் தொடங்கியாயிற்று. கிளிப்பைத் தள்ளிவைத்திருக்கிறோம். டென்மார்க்கின் ஆர்ஹுஸில் பல வருடங்களாகச் செய்வதுபோல, குட்டையான பக்கத்தைச் சிறிது சிறிதாக உயர்த்திக்கொண்டே போகும், பற்களின் மேல் மாட்டும் பிளேட் ஒன்று செய்துகொடுக்கப் போகிறேன். வளரும் வயது இன்னும் மிச்சமிருக்கிறது, அதுதான் என் நம்பிக்கை. கதிர்வீச்சை நினைத்து அடுத்த சி.டி.யை ஒரு வருடம் கழித்து வைத்திருக்கிறேன். அதுவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை முகத்தின் புகைப்படம். எல்லோருடைய முகத்திலும் கொஞ்சம் கோணல் உண்டு என்பதால் அவளை அவளோடுதான் ஒப்பிட வேண்டும்.

அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை நாகர்கோவில் வருகிறேன். உன் மூட்டுவாதக் குழந்தைகளில் வர முடிந்தவர்களை அன்று காலை வரச் சொல். அளவுகோலும் கேமராவும் நான் கொண்டு வருகிறேன். மதியச் சாப்பாடு உன் வீட்டில், தீயல் கட்டாயம்.

உன்,
வசந்தா