சிறையிலிருந்து வெளியே வருவதைப் பாதிக்கப்பட்டவருக்கும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடும்ப வன்முறை, பாலியல் குற்ற வழக்குகளில் பாதிக்கப்பட்ட பெண்களுக்காக மாவட்ட நீதிமன்றம் ஒன்றில் ஆஜராகி வரும் வழக்குரைஞர் நான். குற்றம் சாட்டப்பட்டவரோ தண்டிக்கப்பட்டவரோ சிறையிலிருந்து வெளியே வரும் நாளை, அவரால் பாதிக்கப்பட்டவருக்கு முன்கூட்டியே தெரிவிப்பதை அரசு கட்டாயக் கடமையாக்க வேண்டும் என்று வலியுறுத்தவே இதை எழுதுகிறேன்.

பிணை உத்தரவு வரும் நாளும் ஆள் வெளியே வரும் நாளும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. பிணையதாரர்கள் இரண்டு பேர் ஆதார் நகலும் வீட்டு வரி ரசீதும் எடுத்துக்கொண்டு நீதித்துறை நடுவர் முன்பு வந்து கையெழுத்திட வேண்டும். அதன் பிறகே விடுவிப்பு ஆணை சிறைக்குப் போகும். மாலையில் அறைகள் பூட்டப்படுவதற்குள் அது போய்ச் சேராவிட்டால் மறுநாள்தான். இதற்கு இரண்டு நாளும் ஆகலாம், இரண்டு வாரமும் ஆகலாம் என்பதால், உத்தரவைப் பற்றிக் கேள்விப்பட்ட பெண்ணுக்குக்கூட அவர் எந்த நாளில் ஊருக்குள் வருவார் என்று தெரிய வழியில்லை. 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கலாகாததால் தானாகக் கிடைக்கும் பிணையில், ஆட்சேபம் தெரிவிக்கும் வாய்ப்பே இல்லாததால், அந்தப் பேச்சே பாதிக்கப்பட்ட பெண்ணின் காதுக்கு எட்டுவதில்லை.

கணவர் அரிவாளால் வெட்டியதில் இடது கை விரல்களை இன்னும் மடக்க முடியாத நிலையில் தாய் வீட்டில் இருந்த ஒரு பெண், குழந்தையை அங்கன்வாடியில் விடப் போகும்போது எதிரே டீக்கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்திருப்பதைக் கண்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்திருக்கிறார். "அவர் வெளியே வந்தது ஊருக்கே தெரிஞ்சிருக்கு மேடம், எனக்குத்தான் தெரியல" என்று அவர் என்னிடம் சொன்னபோது, அரசுத் தரப்பில் யாராவது ஒருவர் சொல்லியிருக்க வேண்டிய பதில் என்னிடம் இல்லை. உத்தரவின் நகலை வாங்கிப் பார்த்தால், தினமும் காலை 10.30 மணிக்கு உள்ளூர்க் காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டும், மனைவியை எவ்வகையிலும் அணுகக்கூடாது என்று நிபந்தனைகள் தெளிவாகவே இருந்தன. அந்தக் காவல் நிலையம் அங்கன்வாடி இருக்கும் அதே தெருவில்தான் இருக்கிறது. முன்னமே தெரிந்திருந்தால் அந்தப் பெண் அங்கன்வாடிக்குப் போகும் நேரத்தை மாற்றியிருப்பார், அல்லது கையெழுத்திடும் இடத்தை மாற்றும்படி நீதிமன்றத்தைக் கேட்டிருப்போம். நிபந்தனை இருப்பதே தெரியாதவர், அது மீறப்பட்டது என்று எப்படிப் புகார் கொடுக்க முடியும்?

சட்டம் இதை அறவே மறந்துவிடவில்லை. குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களைப் பொறுத்தவரை, 2020ஆம் ஆண்டின் போக்சோ விதிகள், குற்றம் சாட்டப்பட்டவர் பிணையில் இருக்கிறாரா, விடுவிக்கப்பட்டாரா, காவலில் இருக்கிறாரா என்ற விவரத்தையும் குழந்தையின் பெற்றோருக்குத் தெரிவிக்கும்படி சொல்கின்றன. 2016 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள, பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு, பிணை உள்ளிட்ட எல்லா நடவடிக்கைகள் குறித்தும் உரிய காலத்தில் அறிவிப்புப் பெறும் உரிமையைப் பாதிக்கப்பட்டவருக்கு அளிக்கிறது. அது கட்டாயமானது என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் தெளிவுபடுத்தியது. உத்தரப் பிரதேசத்தில் போராடிய விவசாயிகள் வாகனம் ஏற்றிக் கொல்லப்பட்ட லக்கிம்பூர் கேரி வழக்கில் 2022 ஏப்ரலில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும், வழக்கின் ஒவ்வொரு கட்டத்திலும் பாதிக்கப்பட்டவரின் குரல் கேட்கப்பட வேண்டும் என்றது. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை நீதிமன்ற நடவடிக்கைகளைப் பற்றியவை. உத்தரவுக்குப் பின் சிறை வாசலில் நடப்பதை, கொலை முயற்சியும் குடும்ப வன்முறையும் போன்ற வழக்குகளில், யார் யாருக்குச் சொல்வது என்பது காவல் ஆய்வாளரின் நல்ல மனத்தைப் பொறுத்ததாகவே இருக்கிறது. தாமாகவே தொலைபேசியில் அழைத்துச் சொல்லும் ஆய்வாளர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் மாற்றலாகிப் போனதும் அந்தப் பழக்கமும் போய்விடுகிறது.

அமெரிக்காவின் லூயிவில் நகரில் 1993 டிசம்பரில், பிணையில் வெளிவந்த முன்னாள் காதலனால் ஓர் இளம்பெண் தம் 21ஆவது பிறந்த நாளில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவன் வெளியே வந்தது அவருக்குத் தெரிவிக்கப்படவில்லை. அடுத்த ஆண்டே அந்த ஊரில், கைதி விடுவிக்கப்பட்டவுடன் பதிவு செய்தவர்களுக்குத் தானியங்கித் தொலைபேசி அழைப்பு போகும் ஏற்பாடு தொடங்கப்பட்டு, பின்னர் நாட்டின் பெரும்பகுதிக்குப் பரவியது. 2004இல் இயற்றப்பட்ட அந்நாட்டுச் சட்டம், நீதிமன்ற நடவடிக்கையோடு நிறுத்திக்கொள்ளாமல், விடுதலையையும் தப்பியோட்டத்தையும் தெரிவிக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே கூறுகிறது.

நம்மிடம் தொழில்நுட்பம் இல்லை என்று சொல்ல முடியாது. பிணை கிடைத்தும் காகிதம் வந்து சேராமல் கைதிகள் உள்ளேயே கிடப்பதைத் தடுக்க, உச்ச நீதிமன்றம் 2022 மார்ச்சில் தன் உத்தரவுகளை மின்னணு முறையில் அனுப்பும் திட்டத்தைத் தொடங்கியது. பிணை உத்தரவின் நகல் அன்றோ மறுநாளோ மின்னஞ்சலில் சிறைக் கண்காணிப்பாளருக்குப் போக வேண்டும் என்று 2023 ஜனவரியில் வழிகாட்டியது. இதை நான் மனமார வரவேற்கிறேன். பிணை என்பது சட்டம் தந்த உரிமை. அதைத் தாமதப்படுத்த வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சிறைக்கு விரைந்து போகும் அதே தகவலின் ஒரு வரி, வெட்டுப்பட்டவரின் கைப்பேசிக்கும் போக வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

தண்டனை பெற்றவர்களை அரசு முன்கூட்டியே விடுவிக்கும் முன்விடுதலையிலும் இதே மௌனம்தான். மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று ஊராட்சி மன்றத் தலைவர் முருகேசன் உட்பட ஆறு பேர் வெட்டிக் கொல்லப்பட்ட வழக்கின் ஆயுள் கைதிகள் 13 பேர் 2019 நவம்பரில் விடுவிக்கப்பட்டபோது, அதற்கான அரசாணைகளின் நகலைக் கேட்டே உயர் நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது. 2002 குஜராத் கலவரத்தில் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பில்கிஸ் பானோவின் வழக்கில் தண்டிக்கப்பட்ட 11 பேரை 2022 ஆகஸ்ட் 15 அன்று விடுவித்தபோது, தம் பாதுகாப்பைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை என்று அவர் அறிக்கை வெளியிட்டார். அந்த விடுதலையை உச்ச நீதிமன்றம் 2024 ஜனவரி 8 அன்று ரத்து செய்தது. இடைப்பட்ட 16 மாதங்களுக்கும் மேலாக அவர் எப்படி வாழ்ந்திருப்பார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

உள்துறை ஓர் அரசாணை பிறப்பித்தாலே இதில் பெரும்பகுதி சரியாகிவிடும். விடுவிப்பு ஆணை கிடைத்ததும், சிறையின் கதவு திறப்பதற்கு முன்பே, சிறைக் கண்காணிப்பாளர் அலுவலகம் பாதிக்கப்பட்டவருக்கும் அவர் வசிக்கும் பகுதிக் காவல் நிலையத்துக்கும் தகவல் தர வேண்டும். பிணை நிபந்தனைகளும் அதில் எளிய தமிழில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்குக் குறுஞ்செய்தி பயன்படாது, குரல் அழைப்பே வேண்டும். வீட்டில் உள்ள ஒரே கைப்பேசி கணவரின் உறவினர் கையில் இருப்பதும் உண்டு என்பதால், எந்த எண்ணுக்கு, எந்த நேரத்தில் அழைத்தால் பாதுகாப்பு என்பதை முதல் தகவல் அறிக்கை பதிவாகும் நாளிலேயே அவரிடம் தனியாகக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். குற்றப்பத்திரிகையோடு எதிர்த்தரப்புக்குத் தரப்படும் ஆவணங்களில் அந்த எண் இடம்பெறக்கூடாது. தகவலே வேண்டாம் என்று நினைப்பவர்களின் விருப்பமும் மதிக்கப்பட வேண்டும். அண்ணா பிறந்த நாள் போன்ற தருணங்களில் முன்விடுதலைக்குப் பரிசீலிக்கப்படுவோரின் பெயர்களை, ஆணை வெளியாவதற்குக் குறைந்தது 30 நாள் முன்னதாகப் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு எழுத்து மூலம் தெரிவித்து, அவர்களின் கருத்தையும் கேட்டுக் கோப்பில் சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு பெண் வழக்குரைஞர்,
மதுரை மாவட்டம்.