மச்சானுக்கு, பூனைக்குட்டி விஷயமாக

மச்சான்,

புதிதாக வந்த பூனைக்குட்டி தின்றதைக் கக்குகிறது, என்ன செய்வது என்று கேட்டு நீ அனுப்பின வொய்ஸ் மெசேஜை நேற்று ராத்திரிதான் கேட்டேன். இங்கே மழைக்குக் கரண்ட் போனால் போனதுதான், போனும் செத்துக் கிடந்தது. மெசேஜின் கடைசியில் உன் மகள், என் மருமகள், அழுகிற சத்தமும் கேட்டது, பாவம். போனில் சொன்னால் நீ பாதியைக் காதில் வாங்கிக்கொண்டு மீதியை உன் இஷ்டத்துக்குச் செய்வாய், அதனால் எழுதுகிறேன். தங்கச்சிக்கும் வாசித்துக் காட்டு, ராத்திரி எழும்பிப் பார்க்கப்போவது அவள்தானே.

நீ சொன்னதில் ஆறுதலான விஷயம், கக்கினாலும் குட்டி விளையாடுகிறது, திரும்பச் சாப்பாடு கேட்டுக் கத்துகிறது என்பது. அது மாறாத வரைக்கும் பதற வேண்டாம். ஆனால் இது ஒன்றரை மாதக் குட்டி. பெரிய பூனை ஏதாவது கண்டதைத் தின்று கக்கிவிட்டு மூலையில் சுருண்டு படுத்து மறுநாள் எழும்பிவிடும். குட்டிக்கு உடம்பில் சேமிப்பு என்று எதுவும் கிடையாது, அரை நாளிலேயே நீர் வற்றி, இரத்தத்தில் சீனி இறங்கி, கை கால் சில்லிட்டுவிடும். அதனால் 'நாளைக்குப் பார்ப்போம்' என்கிற உன் வழக்கமான பேச்சை இதில் விட்டுவிடு.

மருந்து தேடுவதற்கு முன்னால் ஒன்று செய். அடுத்த முறை கக்கும்போது தங்கச்சி துடைத்துவிட முதல் குனிந்து பார். வயிறு எக்கி எக்கி, உடம்பே குலுங்கி, சத்தத்தோடு எடுத்தால் சாப்பாடு வயிற்றுக்குப் போய்த்தான் திரும்புகிறது, அது வாந்தி. எந்தப் பாடும் இல்லாமல், தலையைக் குனிந்ததும் அப்படியே செரிக்காத சோறாக, சில நேரம் புட்டுக்குழலில் இருந்து தள்ளின மாதிரி உருளையாக வந்து விழுந்தால், சாப்பாடு வயிற்றுக்கே போகவில்லை, உணவுக்குழாயிலேயே நின்று திரும்புகிறது. இதற்குக் காரணமும் வேறு, வைத்தியமும் வேறு. பிறப்பிலேயே இதயத்துக்கு மேலே இருக்கிற பெரிய இரத்தக்குழாய் உணவுக்குழாயைச் சுற்றி இறுக்கியிருக்கும் குட்டிகள் உண்டு. தாய்ப்பால் குடிக்கும் வரை ஒன்றும் தெரியாது, கெட்டியான சாப்பாடு தொடங்கினதும்தான் கக்கத் தொடங்கும். நல்ல பசியோடு தின்னும், கக்கும், கக்கினதையே திரும்பத் தின்னும், உடம்பு மட்டும் ஏறாது. நீ 'கக்கினதையே நக்குது மச்சான்' என்று சொன்னதும் எனக்கு அதுதான் ஓடியது. ஆனால் அவசரமாக விழுங்கிக் கக்குகிற குட்டியும் அதையேதான் செய்யும், அதிலும் தேயிலை ஸ்டோருக்குப் பின்னால் பட்டினி கிடந்து வந்தது என்றால் கேட்கவே வேண்டாம். எந்த வகை என்று பார்த்துச் சொல். போனில் ஒரு வீடியோ எடுத்து வைத்தால் இன்னும் நல்லது, வைத்தியரிடம் நாம் ஆயிரம் வார்த்தை சொல்வதைவிட அவருக்கு அதைப் பார்த்தாலே விளங்கிவிடும்.

போன மழைக்காலம் எங்கள் வீட்டில் வந்து ஒட்டிக்கொண்ட சாம்பல் நிறக் குட்டிக்கு இந்த இரண்டாவது வகைதான். பிஸ்கட் பெட்டியில் ஓட்டை போட்டு, அடியில் பழைய ஸ்வெட்டரை விரித்து, நாவலப்பிட்டி, கம்பளை என்று பஸ்ஸில் ஆடி ஆடி பேராதனைக்குக் கொண்டுபோனோம், பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்து ஆஸ்பத்திரிக்கு. எக்ஸ்ரேயில் தெரிகிற மருந்து ஒன்றைச் சாப்பாட்டோடு கலந்து ஊட்டிப் படம் எடுத்தார்கள். உணவுக்குழாய் தளர்ந்து அகலமாகக் கிடந்தது, இரத்தக்குழாய் இறுக்கம் இல்லை, அதனால் ஒப்பரேஷன் பேச்சும் இல்லை. சாப்பாட்டைக் கஞ்சிப் பதத்தில் அரைத்து, குட்டியை நிமிர்த்திப் பிடித்து ஊட்டி, அதற்குப் பிறகும் பத்துப் பதினைந்து நிமிடம் கீழே விடாமல் தோளில் போட்டு வைத்திருக்கச் சொன்னார்கள், சாப்பாடு தன் பாரத்திலேயே கீழே இறங்க வேண்டும் என்பதற்காக. மகன் கிரிக்கெட் பார்க்கும்போது அது அவன் தோளில்தான், வேறு எங்கேயும் இருக்காது. வளர்த்தி குறைவு, ஆனால் வாய் எட்டு ஊருக்கு.

சரி, உன் குட்டிக்கு வருவோம். நீ கொடுக்கிற சாப்பாட்டைச் சொன்னபோது என் மனைவி தலையில் கை வைத்தாள். சோற்றில் நெத்தலிக் கருவாடு பிசைந்து, மேலே பால்மா கரைத்து! கருவாட்டு உப்பு ஒன்றே அந்த வயிற்றைப் புரட்டப் போதும். பூனைக்குப் பால் என்பது நம் எல்லார் தலையிலும் சின்ன வயதிலேயே ஏறிப்போனது, ஆனால் மாட்டுப் பாலில் இருக்கிற பால்ச்சீனி பல குட்டிகளுக்குச் செரிக்காது, கழிச்சல் வரும், சிலதுக்கு வாந்தியும் வரும். இன்றைக்கே நிறுத்து. கோழி இறைச்சியைத் தோலும் எலும்பும் இல்லாமல் வெறும் தண்ணீரில் அவித்து, நார் நாராகக் கிழித்து, அந்தத் தண்ணீரிலேயே நனைத்துக் கொடு. உப்பு வேண்டாம், தூள் வேண்டாம், வெங்காயமும் வெள்ளைப்பூண்டும் அறவே கூடாது, அது இரண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். ஒரு நேரத்தில் ஒரு தேக்கரண்டிதான், ஒரு நாளில் ஐந்தாறு தரம், கோப்பையில் குவிக்காமல் தட்டையான பீரிஸில் பரத்தி வை, அப்போதுதான் அள்ளி விழுங்க முடியாது. நாய் பக்கத்தில் நின்றால் அதை வெளியே விடு, பறித்துக்கொள்ளும் என்ற பயத்தில்தான் குட்டி மூச்சு விடாமல் தின்கிறது. வெறும் கோழியே எந்நாளும் போதாது, வயிறு அடங்கினதும் குட்டிகளுக்கு என்றே விற்கிற உணவை வெந்நீரில் ஊற வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, ஒரு கிழமை எடுத்து மாற்று. விலை எனக்கும் தெரியும், 2022 நெருக்கடிக்குப் பிறகு இறக்குமதிச் சாமான் எது மலிவு? சின்னப் பைக்கட் போதும், இவ்வளவு சின்ன வயிறுக்கு அது நாள் கணக்கில் வரும்.

வாந்தி எடுத்தால் ஒரு நாள் பட்டினி போடு என்று பெரியம்மா சொன்னதாகச் சொன்னாய். குட்டிக்கு அது கூடாது. கக்கினதும் உடனே திரும்ப ஊட்டாமல் இரண்டு மணித்தியாலம் வயிறை ஆற விடு, பிறகு கொஞ்சமாகத் தொடங்கு, அவ்வளவுதான். இஞ்சித் தண்ணி, மிளகுத் தண்ணி, தேத்தண்ணி எதுவும் வேண்டாம். நம்மூரில் எந்த வருத்தத்துக்கும் ஒரு மிடறு பிளேன்டீ என்பார்கள், பூனைக்குக் கஃபீன் நஞ்சு. பனடோலை (பரசிட்டமோல்) பற்றி யாராவது வாயைத் திறந்தால் கதவைச் சாத்து, மனிதனுக்கான ஒரு வில்லை ஒரு பெரிய பூனையையே கொல்லும். ஜீவனி (கழிச்சலுக்குக் கரைத்துக் குடிக்கிற உப்புச்சீனித் தூள்) கரைத்துக் கொடுக்கலாமா என்று கேட்டாய். சாப்பாடு தங்குகிற குட்டிக்கு அது தேவையில்லை, தண்ணீரே தங்காத குட்டிக்கு வாயால் எது கொடுத்தாலும் தங்காது, தோலுக்கடியில் சேலைன் ஏற்ற வேண்டும், அது வைத்தியர் வேலை.

இன்னொரு விஷயம், நம் பக்கத்துக் குளிர். ஹப்புத்தளைப் பனியில் சீமெந்துத் தரையில் படுத்து எழும்புகிற குட்டிக்கு உடம்பு குளிர்ந்தால் குடலும் வேலை செய்யாது, உள்ளே போனது அப்படியே கிடந்து திரும்பி வரும். காதும் பாதமும் சில்லென்று இருந்தால் சாப்பாடு கொடுக்காதே, முதலில் சூடாக்கு. சோடாப் போத்தலில் வெந்நீர் ஊற்றி, துணியில் நன்றாகச் சுற்றி, பெட்டியில் ஒரு பக்கமாக வை. மறுபக்கம் வெறுமனே இருக்கட்டும், சூடு கூடினால் குட்டி தானாக நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். ராத்திரி வெளியே விடவே வேண்டாம். சிறுத்தை மலைகளில் தேயிலைக்குள் இறங்கி நாய்களையே தூக்குகிறது, பூனைக்குட்டி அதற்கு ஒரு வாய்க்குக் காணாது.

வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தாயா? வயிறு உப்பி, கால் மெலிந்து இருக்கிறது என்று நீ சொன்ன மாதிரிக்கு எனக்குச் சந்தேகம் அதில்தான் அதிகம். வட்டப்புழு தாய்ப்பாலோடே குட்டிக்கு வந்துவிடும், தெருவில் பிறந்தவற்றில் இல்லாதது அபூர்வம். கூடிப்போனால் வாந்தியிலேயே வரும், வெள்ளையாக, நூல் நூலாக, சுருண்டு நெளியும். பார்க்க அருவருப்புத்தான், ஆனால் காரணம் கையில் கிடைத்த சந்தோஷமும் உண்டு. ஆனால் உங்கள் வீட்டுப் பூச்சி மருந்து வில்லையைப் பாதி உடைத்துக் கொடுக்கிற வேலை வேண்டாம். குட்டியின் நிறைக்குத்தான் அளவு, இரண்டு மூன்று கிழமைகளுக்கு ஒருமுறை திரும்பவும் கொடுக்க வேண்டும். கடைத் தராசில் ஒரு பாத்திரத்தில் வைத்து நிறுத்துப் பார். ஒரு மாதக் குட்டி 450 கிராம் அளவில் இருக்க வேண்டும், இரண்டு மாதத்தில் 900. உன்னுடையது 500க்குக் கீழே என்றால் நான் சும்மா இருக்கமாட்டேன். எந்நாளும் ஒரே நேரத்தில் நிறுத்துக் குறித்து வை, கக்கினாலும் நிறை ஏறுகிறதா இல்லையா என்பது மற்ற எல்லாவற்றையும்விட உண்மையைச் சொல்லும். மருமகள் அதன் மலத்தை அள்ளினால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவச் சொல், இந்தப் புழு முட்டை பிள்ளைகளுக்கும் ஆகாது.

வாயைத் திறந்து நாக்குக்கு அடியில் ஒருமுறை பார். தங்கச்சி ஸ்வெட்டர் பின்னுகிறாள் அல்லவா, கம்பளி நூல், கொழுந்துச் சாக்குத் தைக்கிற நூல், பார்சல் கட்டுகிற இறப்பர் வளையம், மீன் வாசம் அடிக்கிற லஞ்ச் ஷீட், எல்லாம் குட்டிக்குச் சாப்பாடுதான். நாக்கில் நூல் சுற்றியிருந்தாலோ பின்பக்கம் நூல் தொங்கினாலோ இழுக்கவே இழுக்காதே, மறுமுனை குடலில் மாட்டியிருந்தால் இழுக்கிற இழுப்பில் குடல் அறுந்துபோகும். அப்படியே தூக்கிக்கொண்டு ஓடு. தேயிலை மலைக்குப் புல் மருந்து (களைநாசினி) அடித்த நாளா என்றும் விசாரி. காலில் பட்டதை நக்கினாலும் விஷம்தான்.

எப்போது ஓட வேண்டும் என்று கேட்டால், தண்ணீரும் தங்காமல் வந்தால், இரத்தமோ பச்சைப் பித்தமோ வந்தால், கழிச்சலும் சேர்ந்தால், விளையாட்டை நிறுத்திக் குனிந்தபடி படுத்துவிட்டால். கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே பழையபடி படிய வேண்டும், கூடாரமாக நின்றால் உடம்பில் நீர் இல்லை. ஈறு ஈரமாக, ரோஸாக இருக்க வேண்டும். காய்ச்சலோடு ஒரேயடியாகச் சோர்ந்து வாந்தியும் கழிச்சலும் என்றால் அது பூனைகளுக்கு வருகிற பார்வோ வைரஸாக இருக்கலாம், தடுப்பூசி போடாத குட்டிகளை ஓரிரு நாளில் அள்ளிக்கொண்டு போகும். உன் வீட்டில் முன்பு பூனை செத்த இடத்திலேயே இதைப் படுக்க வைத்திருக்கிறாயா? அந்தக் கிருமி ஒரு வருஷம்வரை தரையில் உயிரோடு இருக்கும், சவர்க்காரத்துக்குச் சாகாது, குளோரின் போட்டுத்தான் கழுவ வேண்டும். வயிறு சரியானதும் முதல் தடுப்பூசியைப் போட்டுவிடு. 6 முதல் 8 கிழமையில் தொடங்கி, 16 கிழமை ஆகும்வரை மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை.

அரசாங்க மிருக வைத்தியர் பெரும்பாலும் மாட்டுப் பின்னால்தான் ஓடிக்கொண்டிருப்பார், அவரைக் குறை சொல்லவும் முடியாது, நம் ஆட்களுக்குப் பால்தானே கைச்செலவு. அலுவலகத்துக்கு முதலில் போன் பண்ணி எந்த நேரம் இருப்பார் என்று கேள், இல்லாவிட்டால் பண்டாரவளையிலோ பதுளையிலோ தனியாரைப் பார். கக்கினதில் கொஞ்சமும் மலத்தில் கொஞ்சமும் மூடியுள்ள போத்தலில் எடுத்துக்கொண்டு போ. அப்புறம் மறக்காமல் மருமகளின் கையைப் பார், கீறல், கடி ஏதும் இருக்கிறதா என்று. தாய் எதுவென்று தெரியாத குட்டி. இருந்தால் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரச ஆஸ்பத்திரிக்குக் காட்டு. விசர்நாய் நோய் பூனைக்கும் வரும்.

நம் வீட்டுப் புதினம் பெரிதாக ஒன்றும் இல்லை. அம்மாவின் முழங்கால் மழைக்கு முன்னாலேயே மழையைச் சொல்லிவிடுகிறது. பீட்ரூட் பாத்தியைப் பன்றி கிளறிப் போட்டுவிட்டது, திரும்ப நட மனம் வரவில்லை. மகளுக்கு டீச்சிங் கிடைத்தது பொகவந்தலாவைப் பக்கம், காலையில் இருட்டோடு பஸ் ஏறுகிறாள், முதல் சம்பளத்தில் எனக்கு ஒரு குடை வாங்கித் தருவதாகப் பேச்சு, வந்தால் எழுதுகிறேன். பொங்கலுக்கு வருவதாகச் சொன்னாயே, அந்தப் பேச்சு இன்னும் உயிரோடு இருக்கிறதா? குட்டியைப் பார்க்க யாரும் இல்லை என்று சாக்குச் சொல்லாதே, பெட்டியோடு கொண்டுவா.

நிறையும் வீடியோவும் இன்றைக்குப் பின்னேரத்துக்குள் அனுப்பு. ராத்திரி தண்ணீரும் கக்கத் தொடங்கினால் எனக்கு மெசேஜ் போட்டுப் பதிலுக்குக் காத்துக்கொண்டிருக்காதே, விடிந்ததும் த்ரீவீலைப் பிடித்துப் புறப்படு, வழியில் சிக்னல் கிடைக்கிற இடத்தில் இருந்து எடு.

அன்புடன்,
உன் மச்சான்