பெரியாஸ்பத்திரி வாசலில் வழி சொன்ன ஐயாவுக்கு நன்றி

மதுரை பெரியாஸ்பத்திரியில் என் வீட்டுக்காரரின் குடியை நிறுத்துவதற்கான மருந்துச் சீட்டோடு நின்றபோது, தானாக வந்து பேசிய ஐயாவுக்கு இந்த நன்றி. பெயர் கேட்டேன், “அதெல்லாம் எதுக்கும்மா” என்று சிரித்தீர்கள். நீங்கள் இருக்கும் ஏ.ஏ.வில் (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் – குடியை விட ஒருவருக்கொருவர் துணை நிற்பவர்களின் அமைப்பு) யார் அடையாளத்தையும் வெளியே சொல்வதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

“மருந்தை விட்டுடாதீங்க. ரொம்ப நாள் குடிச்சவங்க திடீர்னு நிறுத்தினா வலிப்பு கூட வரும். டாக்டர் சொல்றபடி செய்யுங்க, அதோட கூட்டத்துக்கும் வாங்க” என்றீர்கள். எவ்வளவு பொறுப்பான பேச்சு! இடத்தைச் சொன்னதோடு விடாமல், சாயங்காலம் சர்ச் ஹால் வாசலில் காத்திருந்து அவரைக் கைபிடித்து உள்ளே கூட்டிப் போனீர்கள். நீங்கள் நிற்காவிட்டால் அவர் படியேறியிருக்க மாட்டார்.

1935-ல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவரோடொருவர் மனம்விட்டுப் பேசியதில் பிறந்த அமைப்பு இது. கட்டணம் கிடையாது. குடியை நிறுத்தும் விருப்பம் இருந்தால் போதும். எங்கள் புத்திமதிக்கெல்லாம் முகம் திருப்பிய மனுஷன், தன்னைப் போலவே விழுந்து எழுந்தவர்கள் முன்னால் வாய்விட்டுப் பேசினார்.

குடும்பத்தாருக்கென்று அல்-அனான் கூட்டம் இருப்பதையும் நீங்கள்தான் சொன்னீர்கள். எல்லாரும் அவரையே விசாரிப்பார்கள். “நீ எப்படிம்மா இருக்கே?” என்று முதலில் கேட்டது நீங்கள்தான் ஐயா. அதற்குத்தான் பெரிய நன்றி.

இதே தவிப்பில் இருப்பவர்கள் 14446 என்ற இலவச எண்ணில் கூப்பிட்டு ஆலோசனை கேட்கலாம்.