தீர்மானத்திலிருந்து தொடங்கு

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. ஏழு சுரங்களையும் எதுவும் இரண்டு முறை வராமல் மாற்றி அடுக்கினால் 5040 வரிசை வரும் என்று கணினியில் எடுத்து அனுப்பியிருக்கிறாய். விடை சரி. ஆனால் அவ்வளவையும் வைத்துக்கொண்டு மெட்டுப் போட உட்காருவது, அகராதியை விரித்துவைத்துக் கவிதை எழுதுவதைப் போன்றது.

கணக்கு வழியாகத்தான் பழகுவேன் என்றால் முடிவிலிருந்து பின்னோக்கி வா. மிருதங்கக்காரர்கள் தீர்மானத்தை, அதாவது ஒரு துண்டை மூன்று முறை வாசித்து முடிக்கும் முத்தாய்ப்பை, அப்படித்தான் அமைக்கிறார்கள். ஆதி தாளத்தில் 8 எண்ணிக்கை. ஓர் எண்ணிக்கையை 4 மாத்திரையாகப் பிரித்தால் ஓர் ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று, 32 மாத்திரை. ஒரு சுரத் துண்டை மூன்று முறை பாடி, இடையில் இரண்டு இடத்தில் ஒரே அளவாகக் கார்வை (இடைவெளி) விட்டு, அடுத்த சமத்தில், அதாவது அடுத்த சுற்றின் முதல் தட்டில், வந்து இறங்க வேண்டும். துண்டு 10 மாத்திரை என்றால் கார்வை ஒவ்வொன்றும் 1. துண்டு 8 என்றால் 4. 6 என்றால் 7. பத்தில் மூச்சுவிட இடமில்லை, பாய்ந்துகொண்டு வரும். ஆறில் கேட்பவர் காத்திருக்க வேண்டும். எட்டு எனக்குப் பிடிக்காது. துண்டும் கார்வையும் எண்ணிக்கையோடு ஒட்டியே நடப்பதால், சமம் வருவது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

ஏழில் துண்டு வேண்டுமா? மூவேழு 21, மிச்சம் 11 சமமாகப் பிரியாது. சமத்தில் ஒரு மாத்திரையை விட்டுத் தொடங்கு. 31இல் 21 போக 10, கார்வை ஐந்தைந்து. அந்த ஒரு மாத்திரைத் தள்ளலில்தான் கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

முதலில் மோகன ராகத்தை எடு, ஐந்து சுரம் போதும். ‘கபதபக ரிகபகரி’, சுரத்துக்கு ஒரு மாத்திரையாகப் பத்து. மூன்றாம் முறை ரி முடிந்ததும் சமத்தில் ச. இதே பத்தை 4, 6 என்றும் 3, 7 என்றும் பிரித்துப் பாடிப்பார். பிடிக்காததைத் தயங்காமல் தள்ளு.

கணக்குப் போட்டால் இசை வறண்டுவிடும் என்று உன் சிநேகிதி சொன்னாளாம். 1892இல் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் விஞ்ஞானம் படிப்பித்தவர். வழக்கொழிந்த யாழ்களைக் கணக்குப் போட்டுத்தான் மீட்கப் பார்த்தார். அந்த ஆராய்ச்சிதான் 1947இல் யாழ்நூல் என்ற புத்தகமாக வெளிவந்தது. சமாதி இங்கே கல்லடியில்தான் இருக்கிறது. அடுத்த முறை அவளையும் கூட்டிக்கொண்டு வா.

இனி உனக்கொரு கணக்கு. பாட்டின் எடுப்பு, அதாவது பாட்டு தொடங்கும் இடம், சமத்திலிருந்து அரை எண்ணிக்கை தள்ளி இருக்கிறது. தீர்மானம் சமத்தில் தொடங்கி, அடுத்த ஆவர்த்தனத்தின் எடுப்பில் வந்து சேர வேண்டும். துண்டு எவ்வளவு, கார்வை எவ்வளவு? விடையை எழுதி அனுப்பாதே. கையால் தாளம் போட்டுப் பாடி அனுப்பு.

அன்புடன்,
அம்மா